வெள்ளை அடிக்கும் முன்: வேலூர் வீட்டுக்காரர்களுக்கு ஒரு கொத்து மேஸ்திரியின் மடல்

வேலூரிலும் காட்பாடியிலும் சுற்றுப்பக்கத்திலும் வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்காரர்களுக்கு வணக்கம்.

ஐப்பசி பிறந்து நாலு மழை பெய்துவிட்டால் என் போன் ஓயாது. "மேஸ்திரி, தளம் ஒழுகுது, உடனே வா." போய்ப் பார்த்தால் தளம் ஊறிக் கிடக்கும், வானமும் மூடியிருக்கும். அந்த ஈரத்தின் மேல் பெயின்ட் கடையில் விற்கிற எதை அடித்தாலும் பங்குனி வெயிலில் தோசை மாதிரி உரிந்து வரும். தார்ப்பாயை விரித்து, பறக்காமல் இருக்க நாலு செங்கல் வைத்துவிட்டு, தை பிறக்கட்டும் என்று சொல்லிவிட்டு வருவேன். தை பிறந்தால் ஒழுகல் நின்றுவிடும். நீங்களும் மறந்துவிடுவீர்கள். நடுவில் குடியிருப்பவர் காலி செய்தால், சீலிங்கில் இருக்கும் பழுப்புக் கறை மேல் ஒரு கோட் வெள்ளை. புதிதாக வருகிறவர் பார்க்கிறார், வீடு பளிச்சென்று இருக்கிறது, அட்வான்ஸ் கொடுக்கிறார்.

அந்த ஒரு கோட் வெள்ளையைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

போன ஆவணியில் கொசப்பேட்டைப் பக்கம் ஒரு வீடு. முப்பது வருஷத்து ஆர்.சி.சி. தளம், அதாவது உள்ளே கம்பி கட்டிக் கான்கிரீட் கொட்டியது. "பட்டி பாத்து அடிச்சுடு மேஸ்திரி, ஞாயித்துக்கெழம ஆளு வந்து பாக்கறாங்க" என்றார் வீட்டுக்காரர். கரண்டியால் சுரண்டினேன். மேலே வெள்ளை. அதற்கு அடியில் சந்தனக் கலர். அதற்கும் அடியில் நீலம் கலந்த பழைய சுண்ணாம்பு. மூன்று அடுக்கிலும் அதே இடத்தில் அதே கறை, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் அகலமாக. கரண்டிப் பிடியால் தட்டினேன். டங்கென்று கேட்க வேண்டிய தளம் காலிப் பானை மாதிரி பொத்பொத்தென்றது. இன்னொரு தட்டு தட்டியதும் சோற்றுத் தட்டு அகலத்துக்குக் காரை பெயர்ந்து விழுந்தது. உள்ளே கம்பி, டீக்கடை வர்க்கி மாதிரி அடுக்கடுக்காக உதிர்ந்தது. ரெண்டடி தள்ளி ஒரு கொக்கி. தூளி கட்டிய புடவையின் நூல் நாலைந்து அதில் இன்னும் மாட்டிக்கொண்டிருந்தது.

அந்தச் சந்தனக் கலர் நான் அடித்தது. எட்டு வருஷம் இருக்கும். அன்றைக்கும் கறையைப் பார்த்தேன். மேலே ஏறிப் பார்க்கவில்லை, கூலியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். உங்களை மட்டும் குற்றம் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள்.

நம் ஊர் வெயில் ஊர்தானே, மழை எத்தனை நாள் பெய்துவிடப் போகிறது என்று நிறைய பேர் கேட்கிறார்கள். தளத்தைக் கெடுப்பதில் பாதி வேலையை அந்த வெயில்தான் செய்கிறது. 40 டிகிரிக்கு மேல் நாளெல்லாம் காய்ந்து விரிந்து கிடக்கும் தளத்தில் சாயங்காலம் இடியோடு ஒரு மழை கொட்டினால் சட்டென்று சுருங்கும். இப்படி விரிந்து சுருங்கித்தான் மயிரிழை விரிசல் விழுகிறது. ஆடி, ஆவணி ராத்திரி மழை அதில் இறங்கும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றே ஈரமாக இருக்கும். கொடியில் போட்ட துணியே ரெண்டு நாளாகியும் காயாதபோது, தளத்துக்குள் போன தண்ணீர் எங்கே காயும்? கம்பிக்குக் கீழே இருக்கும் கான்கிரீட்டோ முக்கால் இஞ்ச். ஈரமும் காற்றும் அதைத் தாண்டிவிட்டால் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கீழே இருக்கும் கான்கிரீட்டை அதுதான் நெட்டித் தள்ளுகிறது.

ஒரு கணக்கும் சொல்கிறேன். 600 சதுர அடித் தளத்தில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழுகிற தண்ணீர் ஏறக்குறைய 5,500 லிட்டர். ஒரு சின்ன டேங்கர் லாரி. மழைத்தண்ணீர்க் குழாயின் வாயில் ஒரு பாலித்தீன் கவரும் நாலு மா இலையும் அடைத்துக்கொண்டால் அத்தனையும் மேலேயே நிற்கும்.

சொட்டு விழுவது கடைசியில்தான். அதற்கு ரெண்டு மூன்று வருஷம் முன்பிருந்தே தளம் சொல்லிக்கொண்டிருக்கும். முதலில் தெரிவது வீட்டைப் பெருக்குகிற அம்மாவுக்கு. தினமும் காலையில் ஒரே இடத்தில் துளி மணலும் சுண்ணாம்புப் பொடியும் கிடக்கும். அப்புறம் பெயின்ட் கொப்பளிக்கும், வெள்ளையாக உப்புப் பூக்கும். கம்பி ஓடுகிற வாக்கில் நேராக ஒரு விரிசல் விழுந்து, ஓரத்தில் காவி நிறம் தெரிந்தால் அந்த இடத்தின் கீழே கட்டில் போடக்கூடாது. இஞ்சினியரைக் கூப்பிட வேண்டிய கட்டம் அது. மேஸ்திரி மட்டும் போதாது.

மூலையில் கருப்பாகப் பூஞ்சை பிடித்தால் உடனே தளத்தின் மேல் பழி போட வேண்டாம். ஜன்னலைத் திறக்காத சமையலறை ஆவியாகவும் இருக்கலாம். ஒரு முழ அகலப் பாலித்தீனை நாலு பக்கமும் டேப் ஒட்டி சீலிங்கில் ரெண்டு நாள் விட்டுப் பாருங்கள். நம் பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால் அறைக்குள் இருக்கும் ஆவி. தளத்தை ஒட்டிய பக்கம் நனைந்தால் தளத்தின் ஈரம்.

மேலே ஏறினால் கறைக்கு நேர் மேலே மட்டும் பார்த்துவிட்டு இறங்கிவிடாதீர்கள். தண்ணீர் ஓரிடத்தில் இறங்கி, உள்ளேயே ஓடி, வேறிடத்தில் எட்டிப்பார்க்கும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, தண்ணீர்த் தொட்டியின் அடி, டிஷ் கம்பத்துக்குப் போட்ட ஓட்டை, தளத்தில் பதித்த தட்டை ஓட்டில் பிளவு, சந்தில் முளைத்த அரசங்கன்று, எல்லாவற்றையும் பாருங்கள். அரசங்கன்றை வெடுக்கென்று பிடுங்கவும் வேண்டாம். தண்டு மட்டும் கையோடு வரும், வேர் உள்ளேயே தங்கி மறுபடி துளிர்க்கும்.

பழைய தெருக்களில் இன்னும் மெட்ராஸ் டெரஸ் வீடுகள் இருக்கின்றன. கட்டை அடுக்கி, செங்கல்லைக் குத்தாக வைத்து, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காய்த் தண்ணீர் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் கட்டையால் அடித்து இறுக்கிய தளம். அதன் மேல் சிமென்ட் கான்கிரீட் போடுகிறேன் என்று யாராவது வந்தால் விடாதீர்கள். பாரமும் ஏறும், உள்ளே இருக்கும் ஈரமும் வெளியே போகாது. அந்த வீட்டில் பார்க்க வேண்டியது கட்டை சுவருக்குள் நுழைகிற முனை. ஆணியால் குத்திப் பாருங்கள். வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கினால் கட்டை மக்கிவிட்டது. ஆர்.சி.சி. தளத்தில் செய்வதுபோல இதன் மேல் தண்ணீரைத் தேக்கி வைத்து ஒழுகுகிறதா என்று சோதனை பார்க்கவே கூடாது.

2021-ல் பாலாறு இருகரையும் தொட்டு ஓடிய அந்த நவம்பரில், 19-ஆம் தேதி, பேர்ணாம்பட்டில் மழையில் வீடு இடிந்து 9 பேர் இறந்தார்கள். அதில் 4 பேர் குழந்தைகள். அந்த வாரம் எனக்கு வந்த போன்களுக்குக் கணக்கில்லை. பொங்கலுக்குப் பிறகு அவர்களில் ஒருவர்கூடக் கூப்பிடவில்லை.

சட்டமும் உங்களைத்தான் கை காட்டுகிறது. 2019 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, குடியிருப்பவர் கெடுத்தது தவிர, கட்டட அமைப்பில் வரும் பழுதெல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. ஆனால் குடியிருப்பவர் வாய் திறப்பதில்லை. சொன்னால் காலி செய்யச் சொல்வீர்களோ என்று பயந்து, சொட்டுக்குக் கீழே ஒரு குண்டானை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறார்கள். நீங்களே போய்க் கேளுங்கள். "எங்கயாவது பொடி கொட்டுதாம்மா?" என்று கேட்டால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டுவார்கள்.

கொசப்பேட்டை வீட்டுக்காரர் முதலில் முகத்தைச் சுளித்தார். பெயர்ந்து விழுந்த காரையை அவர் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வர வேண்டியவர்களுக்குப் போன் போட்டு ரெண்டு மாதம் கழித்து வரச் சொன்னார். அந்த வாரமே தளத்துக்கு முட்டுக் கொடுத்தோம்.

நான் இனி கறை மேல் பெயின்ட் அடிப்பதில்லை. அடிக்கச் சொல்லிக் கூப்பிட்டால் முதலில் ஏணி எங்கே என்று கேட்பேன். கூப்பிடுவதாக இருந்தால் மாசி, பங்குனியில் கூப்பிடுங்கள். தளம் காய்ந்திருக்கும், விரிசல் வாய் திறந்து தெளிவாகத் தெரியும், எனக்கும் அவசரம் இருக்காது. ஐப்பசியில் கூப்பிட்டால் தார்ப்பாயும் நாலு செங்கல்லும்தான்.

இப்படிக்கு,
கொத்து மேஸ்திரி ஒருவன்,
வேலூர்.