உறுதி ஓரிடம், காணி ஓரிடம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் பத்திரிகையில் வந்த பிளொக்செயின் முத்திரைக் கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். பிளொக்செயின் என்பது பல கணினிகளில் ஒரே நேரத்தில் இருக்கிற, எழுதியதை லேசில் அழிக்க முடியாத ஒரு பதிவேடு. ஐரோப்பாவில் செய்கிறார்கள், எங்கள் தபால் திணைக்களமும் செய்தால் இளசுகள் முத்திரை சேர்க்க வருவார்கள், வெளிநாட்டுக் காசும் வரும் என்று எழுதியிருந்தீர்கள். நான் கிளிநொச்சிப் பக்கம் போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கிறவன். காலையிலிருந்து இரவு வரை போனும் கியூ.ஆர். கோட்டும்தான் என் பிழைப்பு, அதனால் இது புதுசு பிடிக்காத கிழவன் ஒருவனின் புலம்பல் என்று தள்ளிவிடாதீர்கள். நீங்கள் எழுதிய அந்த முத்திரையில் ஒன்று என் கையிலும் இருக்கிறது. பாதி இருக்கிறது என்று சொன்னால்தான் சரி.

கட்டுரையைத் தவறவிட்டவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2019 ஜூனில் ஒஸ்ரிய நாட்டுத் தபால் சேவை ஒற்றைக்கொம்புக் குதிரை போட்ட ஒரு முத்திரையை 6.90 யூரோவுக்கு வெளியிட்டது. மொத்தம் 150,000. கடிதத்தில் ஒட்டுவதற்குக் கடதாசி முத்திரை ஒன்று, அதோடு சுரண்டிப் பார்க்கிற இடத்துக்குள் இரகசியச் சொற்கள். அந்தச் சொற்கள் உள்ளவருக்கே எதேரியம் என்ற பிளொக்செயின் பதிவேட்டில் இருக்கும் அதன் இரட்டைப் பிள்ளை, அதாவது அதே முத்திரையின் டிஜிற்றல் படம், சொந்தம். இரட்டைப் பிள்ளைக்கு ஐந்து நிறம். கறுப்பு 78,500, சிவப்பு வெறும் 1,500. எந்த நிறம் கிடைக்கும் என்பது லொத்தர் சீட்டுப் போலத்தான். 2021 நவம்பரில் சுவிஸ் தபாலும் இறங்கியது. 8.90 பிராங், 175,000 முத்திரைகள், டிஜிற்றல் பக்கத்தில் 13 படங்கள், அதில் அரிதான படம் 50 பேருக்கு மட்டும். விற்பனை தொடங்கிய அன்று அவர்களுடைய இணையக் கடையே திணறிப்போனது.

என்னுடைய பாதி அந்தச் சுவிஸ் முத்திரைதான். தங்கச்சியின் மகன் அங்கே பிறந்து வளர்ந்த பொடியன், தமிழ் பேசுவான், எழுத வராது. மாமா முத்திரை சேர்ப்பவர் என்று தாய் சொல்லி வைத்திருக்கிறாள். முத்திரையோடு வந்த கியூ.ஆர். கோட்டைத் தன் போனில் ஸ்கான் பண்ணி டிஜிற்றல் பிள்ளையைத் தான் வைத்துக்கொண்டு, கடதாசிப் பிள்ளையை உறையில் ஒட்டி எனக்கு அனுப்பிவிட்டான். அந்த 8.90 பிராங் இங்கே ஒருவரின் நாட்கூலிக்குக் கிட்ட வரும். சேர்ப்பவர்களிடம் சொன்னால் தலையில் அடித்துக்கொள்வார்கள், பாவிக்காமல் வைத்திருந்திருக்க வேண்டும் என்பார்கள். எனக்கு அதில் கவலையே இல்லை. எனக்கு உதைத்தது வேறு ஒன்று. இந்த முத்திரைக்குச் சொந்தக்காரன் யார்? கடதாசி என்னிடம். பதிவேட்டைக் கேட்டால் அது அவனைக் காட்டும். நாளைக்கு அவன் தன் பாதியை ஜப்பானில் இருக்கும் ஒருவனுக்கு விற்றுவிட்டால் எனக்குத் தெரியக்கூடப் போவதில்லை.

இதை விளங்கிக்கொள்ள வன்னியில் இருப்பவனுக்குக் கணினிப் படிப்புத் தேவையில்லை. டிஜிற்றல் இரட்டை என்பது காணி உறுதி, அதாவது காணிப் பத்திரம். முத்திரை என்பது காணி. உறுதி கையில் இருக்க, காணி வேலிக்கு அந்தப் பக்கம் போனதை நாங்கள் கண்டிருக்கிறோம். முல்லைத்தீவுப் பக்கம் கேப்பாப்புலவுச் சனம் 2017இல் படையினர் பிடித்து வைத்திருந்த தங்கள் சொந்தக் காணிக்காக றோட்டோரத்தில் மாதக்கணக்கில் இருந்ததை உங்கள் பத்திரிகைதான் படம் படமாகப் போட்டது. காணியில் குடியிருந்துகொண்டே, உறுதியும் பெர்மிற்றும் தொலைந்து, மாவட்டக் கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் நடந்தவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள். இரண்டும் ஒரு கையில் இருந்தால்தான் சொத்து. வேண்டுமென்றே இரண்டாகப் பிரித்து விற்கிற சாமானை முன்னேற்றம் என்று எனக்குச் சொல்ல வருகிறீர்கள்.

நண்பர் ஒருவர் இதற்கு மறுப்புச் சொன்னார், நியாயமான மறுப்புத்தான். "உன்னுடைய முத்திரைக் கொப்பி பிளொக்செயினில் இருந்திருந்தால் 2009இல் தொலைந்திருக்காதே" என்றார்.

அந்தக் கொப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது அல்பம் ஒன்றும் இல்லை, சாதாரண சி.ஆர். கொப்பி, தடித்த அட்டை போட்ட எழுதுகிற கொப்பி. ஒன்பது வயதில் தொடங்கினேன். முதல் நாலு பக்கத்தையும் சோற்றுப் பசை போட்டு ஒட்டி நாசமாக்கினேன், அந்தப் பக்கங்களைப் பிறகு கரப்பான் தின்றது. அப்புறம் ஒரு வாத்தியார்தான் பழக்கிவிட்டார்: உறையோடு வெட்டு, கோப்பையில் தண்ணீர் விட்டுப் போட்டுவை, தானாகக் கழன்று வரும்வரை கை வைக்காதே, பிறகு பழைய பேப்பரில் முகம் கீழே இருக்கக் காயவிடு. 1971இல் வந்த ஐந்து சத ஆறுமுகநாவலர் அதில் இருந்தார், பக்கத்திலேயே ஆனந்த குமாரசுவாமி. இலங்கையின் அரிய முத்திரை என்று எல்லோரும் சொல்கிற 1859ஆம் ஆண்டு நாலு பென்ஸ் ரோசா முத்திரையைப் புத்தகத்தில் பார்த்துக் கலர் பென்சிலால் கீறி ஒட்டியிருந்தேன், அதையும் கணக்கில் சேருங்கள். 2009இல் கடைசிப் போருக்குள் விசுவமடுவிலிருந்து கிழக்குப் பக்கமாக நகர்ந்துகொண்டே போனபோது, அரிசியா கொப்பியா என்று வந்த ஓரிடத்தில் கொப்பி நின்றுவிட்டது. அதில் யோசிக்க எதுவும் இருக்கவில்லை.

சரி, நண்பர் சொன்னபடியே வைத்துக்கொள்வோம். கொப்பியில் இருந்த ஒவ்வொன்றுக்கும் டிஜிற்றல் பிள்ளை இருந்தது என்றே வைப்போம். இன்றைக்கு என்னிடம் என்ன இருக்கும்? மண்ணுக்குள் உக்கிப்போன முத்திரைகளுக்கு நான்தான் சொந்தக்காரன் என்ற அத்தாட்சி இருக்கும். அதுவும் அந்த இரகசியச் சொற்கள் என்னிடம் மிஞ்சியிருந்தால்தான். பிறப்புச் சான்றிதழையே காப்பாற்ற முடியாமல் நின்ற சனம் நாங்கள், அந்தச் சொற்களை எழுதிய துண்டைக் காப்பாற்றியிருப்போமா? அந்தச் சொற்கள் தொலைந்தால் திருப்பி எடுத்துத் தருவதற்கு எந்தத் தபாலதிபரும் இல்லை, அதன் அமைப்பே அப்படி.

கள்ள முத்திரையைக் கண்டுபிடிக்க உதவும் என்றும் எழுதியிருந்தீர்கள். புதிதாக அச்சடிப்பதற்கு உதவலாம், ஒஸ்ரியாவில் பின்னாளில் சிப் வைத்த முத்திரையும் விட்டார்கள். பழைய முத்திரைக்கு ஒருவர் பூதக்கண்ணாடி வைத்துக் கடதாசியைப் பார்த்தே ஆகவேண்டும்.

எனக்கு முத்திரையின் பெறுமதி அதன் மேல் விழுந்த கறுப்பு வட்டத்தில், அந்தத் தேதிமுத்திரையில்தான் இருக்கிறது. 1997இல் தங்கச்சி சுவிஸிலிருந்து போட்ட கடிதம் ஒன்றின் முன்பக்கத்தில் மார்ச் மாதத் தேதி, பின்பக்கத்தில் புதுக்குடியிருப்பில் வந்து சேர்ந்த தேதி ஜூன். இடையில் இருந்த மூன்று மாதமும் வன்னிக்கு வருகிற ஏ9 வீதி போருக்குள் எப்படிக் கிடந்தது என்பதை அந்த இரண்டு வட்டங்களும் சொல்லும், யாரும் விளக்கத் தேவையில்லை. அந்த உறையும் கொப்பியோடு போய்விட்டது. ஆனால் நான் அவளுக்குப் போட்ட கடிதங்களை அவள் உறையோடு ஒரு பிஸ்கற் ரின்னில் வைத்திருக்கிறாள், போன வருடம் மருமகன் படம் எடுத்து அனுப்பினான். எங்கள் தபாலகத்தின் பெயர் மூன்று மொழியிலும் அதில் வட்டமாக நிற்கிறது, தேதி நல்ல துலக்கம். என் முத்திரைக்கு இரட்டைப் பிள்ளை உண்டு என்றால் அது அந்த ரின்னுக்குள் இருப்பதுதான். பிளொக்செயினுக்கு யாரிடமிருந்து யாரிடம் போனது என்று தெரியும். ஏ9 வழியில் ஓமந்தையில் எத்தனை நாள் மறிபட்டுக் கிடந்தது என்று அதற்கு எப்படித் தெரியும்?

திணைக்களம் செய்தே தீருவது என்றால் வேறு சில்லறைச் சிக்கல்களும் இருக்கின்றன. மெய்நிகர் நாணயத்தில் காசு போடாதீர்கள் என்று மத்திய வங்கி 2018இலிருந்து எச்சரித்து வருகிறது, வங்கி அட்டையால் அதற்குக் காசு கட்டவும் அனுமதி இல்லை. அப்படியிருக்க இந்தப் பிள்ளையை வாங்குபவனும் விற்பவனும் யார்? என் கடைக்கு வருகிற ஏ.எல். பொடியனா? அவனுக்கு முத்திரை கண்ணில் படுவதே குறைவு. 2022 ஓகஸ்ற்றில் கடிதத்துக்கு 15 ரூபாயாக இருந்தது ஒரேயடியாக 50 ரூபாய் ஆனது, அன்றிலிருந்து கடிதம் போடுபவர்களை விரல்விட்டு எண்ணலாம். வங்கியிலிருந்தும் லீசிங் கொம்பனியிலிருந்தும் வருகிற உறைகளில் முத்திரையே கிடையாது.

இளசுகளை இழுக்க வேண்டும் என்றால் செலவில்லாத வழி இருக்கிறது. புது முத்திரையும், வெளியான அன்றைய தேதி குத்துகிற முதல்நாள் உறையும் கொழும்பில் வெளியாகிற அன்றே வன்னித் தபாலகங்களுக்கும் பத்துப் பத்தாவது வரட்டும், இங்கேயே வாங்கி இங்கேயே தேதி குத்திக்கொள்ளட்டும். நான் ஒரு முதல்நாள் உறைக்காக ஆளைப் பிடித்துக் கொழும்புக்குச் சொல்லிவிட வேண்டியிருக்கிறது.

கடைசியாக ஒன்று. மருமகன் கடதாசிப் பிள்ளையை ஒட்டி அனுப்பிய அந்த உறையில் சுவிஸ் தேதிமுத்திரை கண்ணாடிபோல் விழுந்திருக்கிறது, எழுத்தெல்லாம் வாசிக்கலாம். பின்பக்கத்தில் எங்கள் பக்கத்துத் தபாலகம் குத்தியது மை காய்ந்த ஒரு கறுப்புத் தீற்றல். ஊரும் தெரியவில்லை, மாதமும் தெரியவில்லை, ஒரு "2" மட்டும் தெரிகிறது. போய்க் கேட்டேன். மைப்பஞ்சு கேட்டு எழுதியிருக்கிறார்களாம், இன்னும் வரவில்லையாம். நானே வாங்கிக் கொடுக்கிறேன் என்றேன், அப்படி வாங்க முடியாதாம். திணைக்களத்தில் யாராவது உங்கள் பத்திரிகையை வாசிப்பார்கள் என்றால், பிளொக்செயினுக்கு முதல் அந்த மைப்பஞ்சை அனுப்பச் சொல்லுங்கள். மருமகன் தைப்பொங்கலுக்கு இன்னொரு கடிதம் போடுவதாகச் சொல்லியிருக்கிறான்.

இப்படிக்கு,
சி.ஆர். கொப்பிக்காரன்,
கிளிநொச்சி மாவட்டம்.