நோட்டீஸில் ஒரு வரி: பிள்ளைகளுக்குப் படம் போடும் குழுவினருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். விடுமுறை நாட்களில் பிள்ளைகளுக்கு இலவசமாகப் படம் போடுகிறீர்கள். படம் முடிந்ததும் சுக்குக் காப்பியும் பழம்பொரியும் கொடுக்கிறீர்கள். நம் பக்கத்தில் இதை வேறு யாரும் செய்து நான் பார்த்ததில்லை. அதற்கு முதலில் நன்றி. குழுவின் பெயரை இங்கே எழுதவில்லை. இது யாருக்கு என்று உங்களுக்குத் தெரியும், போன மாதம் நடந்ததும் தெரியும். ஆனால் நீங்கள் மேடையில் இருந்தீர்கள், நான் கடைசி வரிசையில் இருந்தேன். அங்கிருந்து பார்க்க அது வேறு மாதிரி இருந்தது.

'மடில்டா' படம் முடிந்ததும் பிள்ளைகளுக்குத் தாள் கொடுத்து வினாடி வினா வைத்தீர்கள். ஏழாவது கேள்வி, 'இந்தக் கதையை எழுதியவர் யார்?' ஏழாம் வகுப்பு படிக்கும் என் அக்காள் மகள் 'ரோல்ட் டால்' என்று எழுதினாள். சிவப்பு மையில் பெருக்கல் குறி விழுந்தது. உங்கள் விடைக்குறிப்பில் இருந்த பெயர் டேனி டிவிட்டோ. அவர் படத்தை இயக்கியவர்; கதையின் நாயகியான சிறுமி மடில்டாவின் அப்பாவாக நடித்ததும் அவரே. திரைக்கதைகூட அவர் எழுதியதல்ல, நிக்கோலஸ் கசான், ராபின் ஸ்விகார்ட் என்ற இருவர் எழுதியது. கதை டாலுடையது. புத்தகம் 1988இல் வந்தது, படம் 1996இல். படம் வந்தபோது டால் உயிரோடு இல்லை. இருந்திருந்தால் உங்களுக்கு அவரே ஒரு மடல் எழுதியிருப்பார். தன் கதைகளைப் படமாக்கியவர்களைச் சும்மா விடுகிற ஆள் இல்லை அவர்.

பிள்ளை தாளை எடுத்துக்கொண்டு மேடைக்கு வந்தாள். உங்களில் ஒருவர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். "மக்களே, படத்துல உள்ளத மட்டும் எழுதணும். வெளியில படிச்சதையெல்லாம் எழுதப்பிடாது." படத்திலேயே அந்தப் பெயர் இருக்கிறது ஐயா. எழுத்துப் போடும் பகுதியை நீங்கள் காட்டாமல் ஓட்டிவிட்டீர்கள். சிறப்பு விருந்தினர் பேச நேரம் வேண்டும் என்று ஆரம்பத்தில் கொஞ்சம், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கடைசியில் கொஞ்சம்.

ஒரு மதிப்பெண்ணில் பரிசு போனது. எவர்சில்வர் சம்புடம், போகட்டும். எங்கள் வீட்டில் கல்யாணத்துக்கு வந்த சம்புடங்களே பரணில் கிடக்கின்றன. அவளை உறுத்தியது வேறு. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரே ஒரு முறை சொன்னாள். "எனக்க விடை தப்பில்ல மாமா." அப்புறம் வீடு வரும் வரை பேசவில்லை.

அந்தப் பெயர் அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். படம் வருகிறது என்று உங்கள் நோட்டீஸைப் பார்த்ததும், இது முதலில் புத்தகமாக வந்தது என்று நான்தான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து வீட்டில் தொல்லை. பள்ளிக்கூடத்தில் புத்தக பீரோ இருக்கிறது, சாவி வைத்திருக்கும் டீச்சர் விடுப்பில். பக்கத்துக் கடைகளில் கேட்டால் பத்தாம் வகுப்பு நோட்ஸ், பன்னிரண்டாம் வகுப்பு நோட்ஸ், நீட் புத்தகம். கதைப் புத்தகம் என்றால் கடைக்காரர் நம்மை ஒரு மாதிரி பார்க்கிறார். அவளுடைய அப்பா ரப்பருக்குப் பால் வெட்டப் போகிறவர். மழை பெய்தால் வெட்டு கிடையாது, வெட்டு இல்லாவிட்டால் கூலியும் கிடையாது. அந்த மாதம் நல்ல மழை. அக்காள் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், வேலை பார்த்துக் கொண்டுவருவதில்தான் வீடு ஓடியது. ஆகவே யாரும் அவளுக்குப் புத்தகம் வாங்கித் தருவதாகச் சொல்லவில்லை. அவளும் ஒரு கட்டத்தில் கேட்பதை நிறுத்திவிட்டாள். அது எனக்குத் தாங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையை அடைத்துவிட்டு, குழித்துறையில் ரயில் ஏறித் திருவனந்தபுரம் போனோம். பாளையத்தில் பழைய புத்தகம் விற்கும் கடைகளில் தேடியதில் மூன்றாவது கடையில் கிடைத்தது. முதுகு கிழிந்த ஆங்கிலப் பிரதி, பேரம் பேசி 150 ரூபாய். ஒரு புத்தகத்துக்காக ஒரு பிள்ளை மாநில எல்லையைத் தாண்ட வேண்டியிருக்கிறது. 1956இல் இந்தக் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது எதற்காக என்று ரயிலில் வரும்போது எனக்கு ஒரு யோசனை ஓடியது. சரி, அது வேறு பேச்சு.

தமிழ் வழியில் படிக்கிறவள் அவள். லிஃப்கோ அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ராத்திரி ராத்திரி படித்தாள். பென்சிலால் ஓரத்தில் தமிழில் அர்த்தம் எழுதி வைத்திருக்கிறாள். கதையில் தலைமையாசிரியையின் தண்ணீர்க் கூசாவில் ஒரு பிராணியைப் போடுவார்களே, அந்த நியூட் என்றால் என்ன என்று ஒரு நாள் முழுக்க எங்களுக்குள் விவாதம். கடைசியில் 'தண்ணியில கிடக்கிற அரணை' என்று எழுதினாள். விலங்கியல் படித்தவர்கள் மன்னிக்கவும். படத்தில் அந்த இடம் வந்தபோது மண்டபத்தில் முதலில் சிரித்தவள் அவள்தான். தண்ணீரை ஊற்றுவதற்கு முன்பே சிரித்துவிட்டாள்.

கடைசியில் கதை மாறியிருப்பதையும் கவனித்தாள். புத்தகத்தில் மடில்டாவை மேல் வகுப்புக்கு மாற்றிய பிறகு, பார்வையாலேயே பொருட்களை நகர்த்தும் அந்தச் சக்தி போய்விடுகிறது. மூளைக்கு வேண்டிய அளவு வேலை கிடைத்துவிட்டதால் இருக்கலாம் என்று டீச்சர் விளக்கம் சொல்வார். படத்தில் சக்தி போகவே இல்லை. "எது நல்லாயிருக்கு?" என்று கேட்டேன். "படம் ஜாலியா இருக்கு. ஆனா புக்குல உள்ளதுதான் நெசம்" என்றாள். நீங்கள் பத்துக் கேள்வி கேட்டீர்கள், அதில் ஒன்றாக இதைக் கேட்டிருக்கலாம். 'மடில்டாவின் அப்பா ஓட்டும் காரின் நிறம் என்ன?' என்று கேட்டீர்கள்.

இவ்வளவும் சொல்வது உங்களைக் குறை சொல்வதற்காக அல்ல. (கொஞ்சம் அதற்காகவும்தான்.) என் கோரிக்கை ஒன்றே ஒன்று. புத்தகத்திலிருந்து வந்த படம் என்றால், எழுதியவர் பெயரை நோட்டீஸில் போடுங்கள். அந்தப் புத்தகத்தைப் படத்துக்கு முன்பே பிள்ளைகள் கையில் கிடைக்கும்படி செய்யுங்கள்.

நோட்டீஸில் இடமில்லை என்று மட்டும் சொல்ல வேண்டாம். அந்த நோட்டீஸை அடிப்பவன் நான். மார்த்தாண்டத்தில் என் சின்ன டிடிபி கடையில்தான் மூன்று வருடமாக அடித்து வாங்கிப் போகிறீர்கள். போன மாத நோட்டீஸில் தலைமை ஒருவர், முன்னிலை நான்கு பேர், வரவேற்புரை, வாழ்த்துரை ஆறு பேர், தொகுப்புரை, நன்றியுரை. மொத்தம் பதினான்கு பெயர், அதில் ஒன்பது பேருக்குப் படம். ஒருவருடைய படத்தில் மீசை தெளிவாக இல்லை என்று இரண்டு முறை ப்ரூப் திருப்பி அனுப்பினீர்கள். 'இந்தப் படத்தின் கதை ரோல்ட் டால் எழுதியது' என்று ஒரு வரி சேர்க்கட்டுமா என்று நான் கேட்டேன். எட்டுப் பாயின்ட் பொடி எழுத்தில் போட்டால்கூடப் போதும். "அதுக்கெல்லாம் இடமில்ல அண்ணே, அவரு என்ன வரவா போறாரு?" என்று பதில் வந்தது. உண்மைதான். வாழ்த்துரை போட்டிருந்த ஆறு பேரில் நான்கு பேரும்தான் வரவில்லை.

இது உங்கள் ஒரு குழுவின் பழக்கம் மட்டுமல்ல என்பதும் தெரியும். கவிமணி பிறந்த தேரூர் நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. வெள்ளைப் பசுவும் கன்றுக்குட்டியும் வரும் அவருடைய பாட்டை நம் அங்கன்வாடிகளில் பாடாத பிள்ளை இல்லை. எழுதியவர் யார் என்று கேட்டால், 'அது பாட்டு' என்பார்கள். குழந்தை எழுத்தாளர் பூவண்ணனின் 'ஆலம் விழுது' நாவல் படமாக வந்தது என்று இன்று யாரிடம் சொன்னாலும் புருவத்தைத் தூக்குகிறார்கள்.

எங்கள் அம்மா 'குழந்தையும் தெய்வமும்' படத்தை எத்தனை முறை பார்த்தாலும் அழுவார். பிரிந்த அப்பா அம்மாவை இரட்டைப் பிள்ளைகள் சேர்த்து வைக்கும் கதை, குட்டி பத்மினி இரண்டு வேடத்தில் நடித்தது. 1965இல் வந்தது. அதற்கு மூலம் 1961இல் வந்த ஒரு அமெரிக்கப் படம். அந்த அமெரிக்கப் படத்துக்கு மூலம் 1949இல் எரிக் கேஸ்ட்னர் என்ற ஜெர்மன்காரர் பிள்ளைகளுக்காக எழுதிய நாவல். 1933இல் பெர்லினில் நாஜிகள் புத்தகங்களைக் குவித்துக் கொளுத்தியபோது, கேஸ்ட்னரின் புத்தகங்களும் அதில் போயின. அவர் கூட்டத்தோடு நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. போன வாரம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "அந்த ஆளுக்குப் பிள்ளைங்க உண்டுமா?" என்று கேட்டார். ஒரு பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வி இப்படித்தான் வரும். உங்கள் மண்டபத்தில் யாருக்கும் அந்தக் கேள்வி வருவதற்கு வழியில்லை.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்துக்கு வருகிறேன்.

அடுத்து 'டோட்டோ-சான்' போடப்போவதாகச் சொன்னீர்கள். 2023இல் ஜப்பானில் வந்த அனிமேஷன் படம். நல்ல தேர்வு, மனதாரச் சொல்கிறேன். மூலப் புத்தகம் டெட்சுகோ குரோயாநாகி தன் பள்ளிக்கூட நாட்களைப் பற்றி எழுதியது, 1981இல் வந்தது. இதற்கு நீங்கள் ரயில் ஏற வேண்டியதில்லை. 'ஜன்னலில் ஒரு சிறுமி' என்று தமிழிலேயே நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டிருக்கிறது. பழைய ரயில் பெட்டிகளில் வகுப்பு நடக்கும் பள்ளிக்கூடம் அது. அதன் தலைமையாசிரியர் கோபயாஷி, பிள்ளைகள் கொண்டுவரும் மதியச் சாப்பாட்டில் கடலிலிருந்து கொஞ்சமும் மலையிலிருந்து கொஞ்சமும் இருக்க வேண்டும் என்பார். டோக்கியோவில் இருந்த அம்மாக்கள் அதற்கு யோசித்திருப்பார்கள். குளச்சலில் கடலும் பேச்சிப்பாறையில் மலையும் வைத்திருக்கிற நமக்கு என்ன யோசனை? சாளை மீனும் மரச்சீனிக் கிழங்கும் எடுத்து வைத்தால் கோபயாஷி பேசாமல் தலையாட்டிவிடுவார். அந்தப் பக்கத்தை மட்டுமாவது படம் போடுவதற்கு முன் யாராவது மைக்கில் வாசியுங்கள். பிள்ளைகள் தங்கள் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து பார்ப்பார்கள்.

ஐந்து பிரதி போதும். இரண்டு வாரம் முன்பே வாங்கி, மண்டபத்து வாசலில் ஒரு நோட்டும் பேனாவும் வைத்து, பெயர் எழுதி எடுத்துப் போகச் சொல்லுங்கள். கிழித்துவிடுவார்கள், திரும்ப வராது என்பீர்கள். ஒன்றிரண்டு வராமல்தான் போகும். போன மாதம் கட்டிய ஃப்ளெக்ஸும் அடுத்த நாளே யார் வீட்டுக் கோழிக்கூட்டுக்கோ கூரையாகப் போய்விட்டது, அதற்காக நீங்கள் ஃப்ளெக்ஸ் கட்டுவதை நிறுத்தவில்லை. இரண்டு பிரதிக்கான பணத்தை நான் தருகிறேன். என் பெயரை நோட்டீஸில் போட வேண்டாம்.

அந்த ஏழாவது கேள்விக்கான மதிப்பெண்ணையும் திருத்திக் கொடுத்தால் நல்லது. பரிசு கேட்கவில்லை. தாளில் அந்தப் பெருக்கல் குறியை அடித்துவிட்டு உங்களில் யாராவது கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். தாள் அவளிடம் பத்திரமாக இருக்கிறது, அந்தப் புத்தகத்துக்குள்தான் வைத்திருக்கிறாள்.

அடுத்த மாத நோட்டீஸின் ப்ரூப் தயாராகிவிட்டது. படத்தின் பெயருக்குக் கீழே, தலைமை தாங்குபவரின் படத்துக்கு மேலே, ஒரு வரி காலியாக விட்டிருக்கிறேன். டெட்சுகோ குரோயாநாகி என்ற பெயரும், இடம் இருந்தால் தமிழில் மொழிபெயர்த்தவர்களின் பெயரும் அங்கே வர வேண்டும். வியாழக்கிழமை மாலை பிரஸ்ஸுக்குப் போகிறது. அதற்குள் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நோட்டீஸ் அடித்துத் தருபவன்
மார்த்தாண்டம்