சத்திரத்துக்குச் சிமெண்ட் பூசுகிறார்கள்

அன்புள்ள நண்பனுக்கு,

இங்கு அனைவரும் நலம். பொங்கலுக்குப் பின் ஒரு வரிகூட எழுதவில்லை என்று நீ திட்டத் தொடங்குமுன் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். ராயக்கோட்டைச் சாலையில் உள்ள நம் ஊர்ச் சத்திரத்தைப் புதுப்பிக்கிறோம் என்று சுவர் முழுக்கச் சிமெண்ட் பூசப் புறப்பட்டிருக்கிறார்கள். முன்னின்று நடத்துபவர் கோடிவீட்டுப் பெரியவர். அவரிடம் வாதாடி வென்றவர் எவர் என்பது உனக்கே தெரியும்.

சாலையை ஒட்டிய நீளத் திண்ணை, கருங்கல் தூண்கள், உள்ளே முற்றம், தீக்கு அஞ்சித் தனியே ஒதுக்கிய சமையற்கட்டு, பின்னால் கல்தொட்டியோடு மாட்டுத் தொழுவம். வேலிக்கே கல் நடும் நம் சீமையில் கல்லுக்கா பஞ்சம்! வெள்ளைக்கார அதிகாரி தாமஸ் மன்றோ காலத்துக் கட்டடம் என்று ஊரில் அடித்துச் சொல்கிறார்கள். 1792-இல் பாராமகால் என்ற நம் சீமை கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு வந்தபின் அவர் தருமபுரியில் இருந்தது உண்மைதான். அதற்காக இப்பக்கத்துப் பழஞ்சுவர் அனைத்தையும் அவர் கணக்கில் எழுதுவது அதிகம்.

என் கவலையெல்லாம் மேல்தளத்தைப் பற்றியது. தேக்குக் கட்டைகளை நெருக்கமாகப் பரப்பி, மெல்லிய செங்கற்களைக் குத்துவாட்டில் கோணலாகச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, அதன்மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கொட்டி அடித்து இறுக்கி, தட்டோடு பதித்த மெட்ராஸ் டெரஸ் அது. சுண்ணாம்புச் சுவர் குடித்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்டிலோ மயிரிழை விரிசல் வழியே புகுந்த மழைநீர் உள்ளேயே தங்கி, சுவருக்குள் புதைந்த கட்டை முனைகளை இற்றுப்போகச் செய்யும். முன்பே எவரோ சிமெண்ட் பூசிவைத்த வடமேற்கு மூலையில் ஏணி வைத்து ஏறி, கட்டை முனையில் சைக்கிள் சாவியை அழுத்தினேன். பாதிச் சாவி உள்ளே போய், காப்பித்தூள் போல மரம் உதிர்ந்தது. சுண்ணாம்புச் சுவரில் இருக்கும் அடுத்த கட்டையோ தட்டினால் கணீரென்கிறது.

இதைச் சொன்னால், “சிமெண்டுதான் பலம்” என்கிறார் பெரியவர். வாசலில் நிற்கும் சுமைதாங்கிக் கல்லையும் வண்டி திருப்ப இடைஞ்சல் என்று பெயர்க்கச் சொன்னார். பிள்ளைத்தாய்ச்சியாக இறந்தவள் நினைவாக நட்ட கல் அது என்று என் மனைவி குரலை உயர்த்திய பிறகே விட்டார். என் பேச்சுக்கு அங்கே அவ்வளவுதான் மதிப்பு.

பொதுப்பணித்துறையில் காலமெல்லாம் சிமெண்ட் மூட்டை எண்ணிய நீயே வேண்டாம் என்றால் அவர் மறுக்க மாட்டார். வெள்ளிக்கிழமை தெற்குச் சுவரில் கை வைக்கிறார்கள். அதற்குள் வந்து சேர். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஒருவரிடம் காவேரிப்பட்டணத்தில் பேசி வைத்திருக்கிறேன். கூலியைப் பற்றி மட்டும் நீ வாய் திறக்காதே, சேலத்தில் நடந்தது போதும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்