காற்று கேட்டால் 403 தருகிறவர்களுக்கு

கடல் வானிலை இணையதளத்தை நடத்தும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். பாம்பனிலிருந்து எழுதுகிறேன். வடக்குக் கடல், தெற்குக் கடல் இரண்டுக்கும் உங்கள் பக்கத்தில் இருக்கும் காற்று வேகத்தை எடுத்து, எங்கள் நாட்டுப்படகுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட ஒரு சின்ன பைத்தான் நிரல் வைத்திருக்கிறேன். நாளுக்கு 2 தடவைதான் உங்கள் கதவைத் தட்டும். வந்திருப்பது யார் என்று தளத்துக்குச் சொல்லும் யூசர்-ஏஜென்ட் வரியில் நிரலின் பெயரோடு என் கைபேசி எண்ணையும் போட்டிருந்தேன், தொந்தரவென்றால் கூப்பிடட்டும் என்று.

கூப்பிடவில்லை. போன மார்கழியில் ஒருநாள் விடியற்காலை 3 மணிக்கு 403, அதாவது 'உள்ளே வர அனுமதி இல்லை' என்ற பதில், வந்தது. அதைக் கவனிக்காமல் என் நிரல் 'காற்று: கி.மீ.' என்று எண்ணே இல்லாமல் அனுப்பிவிட்டது. அது என் தப்புதான். சித்தப்பா அதைப் பார்த்து, "எண்ணே போடல, காத்தே இல்ல போல" என்று வல்லத்தைத் தள்ளிவிட்டார். நடுக்கடலில் வாடை பிடித்துக்கொண்டது. வலையை அறுத்துவிட்டு, 10 மணிக்கு நடுங்கிக்கொண்டே கரையேறினார். வலைக்கடன் இன்னும் முடியவில்லை.

அப்புறம் யூசர்-ஏஜென்ட்டை மட்டும் குரோம் என்று மாற்றிப் பார்த்தேன். அப்போதும் 403. குரோம் பிரவுசர் என்று சொன்னால், அதோடு போகும் மற்றத் தகவல் வரிகளும், அதாவது தலைப்புகளும், குரோம் அனுப்புகிற மாதிரியே இருக்க வேண்டுமாம். ஃபயர்ஃபாக்ஸ் என்று சொல்லிக்கொண்டு, பிரவுசரின் பேரும் பதிப்பும் சொல்லும் 'செக்-சிஎச்-யுஏ' தலைப்பை அனுப்பினால் மாட்டிக்கொள்ளும், ஃபயர்ஃபாக்ஸ் அதை அனுப்புவதே இல்லை. இந்தப் பொருத்தமெல்லாம் பார்த்துத் தலைப்புகளைச் செய்துதர ஒரு குட்டி லைப்ரரி, யாரோ எழுதிவைத்த ஆயத்த நிரல், இருக்கிறது. அதை என் நிரலில் 2 வரியாகச் சேர்த்தேன், 200, அதாவது 'சரி, எடுத்துக்கொள்' என்ற பதில், வந்துவிட்டது. ஊர், பேர் சொல்லிக் கேட்டவனுக்குக் கதவடைப்பு, வேஷம் கட்டி வந்தவனுக்கு வரவேற்பு! குரோமே தன் யூசர்-ஏஜென்ட் வரியை 'மொசில்லா/5.0' என்று வேறு பிரவுசரின் பேரில்தான் ஆரம்பிக்கிறது. அந்த வரிசையில் இப்போது நானும்.

நான் கேட்பது ஒன்றுதான்: பேரும் எண்ணும் சொல்லி வரும் நிரலை உள்ளே விடுங்கள். அடிக்கடி வந்தால் 'அளவுக்கு மேல் கேட்கிறாய்' என்று சொல்லும் 429 கொடுங்கள், எப்போது திரும்ப வரலாம் என்று 'ரிட்ரை-ஆஃப்டர்' வரியில் சொல்லுங்கள், காத்திருக்கிறோம். பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுகிறார்களே, பார்க்கிறவன் எந்த பிரவுசர் என்று கேட்டுவிட்டா ஏற்றுகிறார்கள்? உங்கள் முகப்பில் ஓடும் விழாப் படங்களைத் தாண்டிக் காற்றுக்கு வருவதற்குள் கரையில் சிக்னலே போய்விடுகிறது. சரி, அது வேறு மடல்.

பேர் சொல்லி வருகிறவனை உள்ளே விடுங்கள். வாடை தொடங்குவதற்குள் தயவுசெய்து செய்துகொடுங்கள், அந்த 2 வரியை அன்றைக்கே அழித்துவிடுகிறேன். என் எண் வேண்டுமென்றால் உங்கள் சர்வர் பதிவில் தேடுங்கள், போன மார்கழி, விடியற்காலை 3 மணி, 403.

இப்படிக்கு,
பாம்பன் படகுக்காரர் வீட்டுப் பிள்ளை