இயற்கைப் பிரிவின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பறவை பார்த்துப் பழகிய நம் பிரிவு இந்த ஆண்டு புல் பக்கம் திரும்பியது. பெங்களூருக்கு வடமேற்கே உள்ள ஹெசரகட்டா புல்வெளியில், சுமார் 5,678 ஏக்கரைக் காப்பகமாக்க 2024 அக்டோபரில் மாநில வனவிலங்கு வாரியம் ஒப்புதல் தந்தது. அந்தச் செய்திதான் தூண்டுகோல்.

முதல் நடையில் எல்லோரும் நின்றபடியே மேலிருந்து படம் எடுத்தார்கள். அப்படி எடுத்தால் எல்லாப் புல்லும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கதிர், கணு, இலையும் உறையும் சேரும் இடத்துச் சிறு சவ்வு, இவற்றைக் கிட்டத்தில் எடுக்கச் சொன்னோம். தண்டை விரலிடையே உருட்டினாலே கோரை தனியாகத் தெரிந்துவிடும். மூன்று பட்டை இருக்கும், கணு தட்டுப்படாது. காலி மனைகளில் ஊதாக் கதிர்களை விரித்து நிற்கும் மயில்கொண்டைப்புல்லை இப்போது நம் குழந்தைகளே சொல்லிவிடுகிறார்கள்.

கார்த்திகை மழை ஓய்ந்த பின் காங்கேயம் பக்கம் கொறங்காடு, அதாவது வேலியடைத்த மேய்ச்சல் நிலம், பார்க்கப் போனோம். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே ஆங்காங்கே வெள்வேலமரம், அடியில் கொழுக்கட்டைப்புல். அதன் கதிரை உருவினால் மெல்லிய மயிர் சூழ்ந்த கொத்துகள் கையோடு வந்துவிடும், காம்பு மட்டும் நெளிநெளியாய் நிற்கும். வறட்சியில் வெள்வேலங்காய்தான் ஆட்டுக்குத் தீனி. மரமும் புல்லும் ஒரே காட்டில் சேர்ந்து பிழைக்கும் ஏற்பாடு இது. கொங்குக்கார உறுப்பினர்கள் அன்று கொஞ்சம் பெருமையாகவே நடந்தார்கள்!

அதிகம் பேசப்பட்டது ஊசிப்புல். முற்றிய ஊசிகள் கறுத்து, நுனியில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். ஒன்றைப் பிரித்து உள்ளங்கையில் வைத்துச் சொட்டுத் தண்ணீர் விட்டால் தானாகச் சுழல்கிறது. விதையை மண்ணுக்குள் இறக்குவதற்கான சுழற்சி அது. ஆட்டின் ரோமத்தில் ஒட்டினால் தோலையும் துளைத்துவிடும். ஆகவே பூக்கும் முன் நல்ல மேய்ச்சல், விதை முற்றினால் தொல்லை.

ஹெசரகட்டாவில் மரம் நடலாம் என்று வந்த யோசனையைச் செயற்குழு ஏற்கவில்லை. அது காலி நிலம் அல்ல. வானம்பாடி, நெட்டைக்காலி போன்ற பறவைகளுக்குத் திறந்த புல்வெளிதான் வேண்டும். நடவு ஆசையைத் தெருவோரத்தில் தீர்த்துக்கொள்ளலாம்.

ஹெசரகட்டாவில் ஒரு புல்லையும் பறிக்கவில்லை. மாதிரிக்காக அட்டையில் ஒட்டிய புற்கள் காலி மனைகளிலும், உரிமையாளர் அனுமதியோடு கொறங்காட்டிலும் எடுத்தவை. பயணச் செலவைப் போனவர்களே பகிர்ந்துகொண்டார்கள். கைலென்சும் அட்டையும் மட்டும் சங்க நிதியில் வாங்கியவை. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

அறிக்கையை ஏற்குமாறு வேண்டுகிறேன்.

செயலாளர்