சொந்த மைதானம் தந்தால் கல்லா நிறையுமா?

ஆசிரியருக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பைக் கால்பந்தில், சமனானால் எதிரணியின் மைதானத்தில் மீண்டும் ஆடும் மறு ஆட்டம் ஒழிந்ததால் சிறிய கிளப்புகளுக்கு வந்த நட்டத்தை ஈடுகட்ட, ஜெர்மனி, பிரான்ஸ் போலக் கீழ்நிலை அணிக்கே சொந்த மைதானத்தைக் கொடுத்துவிடலாம் என்று உங்கள் விளையாட்டுப் பக்கம் யோசனை சொல்லியிருந்தது. அப்படிச் செய்தால் ஜெயிக்கும் வாய்ப்பு கூடும், வசூல் ஏறாது.

2024-25 பருவம் முதல், பிரதான முதல் சுற்றிலிருந்தே மறு ஆட்டம் கிடையாது. 90 நிமிடத்தில் சமன் என்றால் அன்றைக்கே கூடுதல் நேரம், பிறகு பெனால்டி. 2025 ஜனவரியில் ஐந்தாம் நிலை லீகில் ஆடும் டாம்வொர்த், தன் செயற்கைப் புல்தரையில், முதல்நிலை பிரீமியர் லீக் கிளப்பான டாட்டன்ஹாமை 90 நிமிடம் கோல் போடவிடாமல் தடுத்தது. கூடுதல் நேரத்தில் மூன்று கோல் வாங்கி வெளியேறியது. பழைய விதிப்படி என்றால் அடுத்த ஆட்டம் 62,850 பேர் கொள்ளும் டாட்டன்ஹாம் அரங்கில் நடந்திருக்கும்.

பெரிய கிளப்புகள் களமிறங்கும் மூன்றாம் சுற்றின் டிக்கெட் வசூலில் செலவு போக மிஞ்சுவதை இரு கிளப்புகளும் தலா 45 சதவீதம் எடுத்துக்கொள்ளும். 10 சதவீதம் பொது நிதிக்குப் போகும். ஒரு பேச்சுக்கு, பெரிய அரங்கில் 40,000 பேர் தலைக்கு 15 பவுண்ட் கொடுத்தால் 6 லட்சம். செலவு 1 லட்சம் போனால் சிறிய கிளப்பின் பங்கு 2.25 லட்சம். அதே ஆட்டம் 4,000 பேர் நிற்கும் மைதானத்தில், 20 பவுண்ட் டிக்கெட்டில் நடந்தால் மொத்த வசூலே 80,000. செலவைக் கழிக்காமலே பங்கு 36,000தான். 2005இல் கடனில் தத்தளித்த எக்ஸெட்டர் சிட்டிக்கு மூச்சு வந்ததும் மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்டு டிராஃபோர்டு அரங்கில் 0-0 என்று சமன் செய்த பிறகுதானே!

ஜெர்மன் கோப்பையில் முதல் சுற்றின் 64 அணிகளை இரண்டு பானைகளாகப் பிரித்துக் குலுக்குகிறார்கள்; அமெச்சூர் பானையில் வரும் அணிக்கே சொந்த மைதானம். அங்கே இது பொருந்துகிறது, ஏனென்றால் தொலைக்காட்சிப் பணம் சுற்றுவாரியாக எல்லா அணிகளுக்கும் பங்கிடப்படுகிறது. டிக்கெட்டை மட்டும் நம்ப வேண்டியதில்லை. பிரான்சில் இரண்டு டிவிஷன் கீழே இருக்கும் அணிக்கு அந்த உரிமை உண்டு.

உரிமை இருந்தாலும் மைதானம் தாங்க வேண்டுமே. 2023 ஜனவரியில் ஆறாம் நிலை அணியான பே த காசெல், பாரிசின் பெரிய கிளப்பான பிஎஸ்ஜியைத் தன் ஊருக்கு அழைக்க முடியாமல் லான்ஸ் நகர அரங்கில் ஆடியது. ஜெர்மன் கோப்பையில், 2024 பிப்ரவரியில் மூன்றாம் நிலை அணியான சார்ப்ரூக்கனின் ஊரில் மழைநீர் வடியாத தரையில் பந்து உருளாததால், முதல்நிலை அணியான கிளாட்பாக்குடனான காலிறுதி மார்ச் மாதத்துக்குத் தள்ளிப்போனது. (அதில் சார்ப்ரூக்கன் 2-1 என ஜெயித்தது வேறு கதை.)

ஆகவே இங்கிலாந்து குலுக்கலைத் தொட வேண்டாம், பங்கீட்டைத் தொடட்டும். இரு அணிகளுக்கும் இடையே இரண்டு டிவிஷனுக்கு மேல் இடைவெளி இருந்தால் பெரிய கிளப் தன் 45 சதவீதத்தைக் கீழ்நிலை அணிக்கு விட்டுத்தரும்படி விதி எழுதலாம். பிரான்சில் தொழில்முறை கிளப்புகள் பலமுறை விரும்பியே இதைச் செய்திருக்கின்றன. மேலே சொன்ன கணக்கில் 2.25 லட்சம் 4.5 லட்சமாகும். பிரீமியர் லீக் கிளப்புக்கு, விட்டுத்தரும் அந்த 2.25 லட்சம் ஒரு நட்சத்திர வீரரின் இரண்டு வாரச் சம்பளத்துக்குமேல் போகாது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
காரைக்கால்