மூன்றில் ஒரு பங்கு

அன்புள்ள மல்லிகா,

நலம். நீயும் பேரனும் நலம்தானே? முட்டிக்கு அந்த எண்ணெயை விடாமல் தேய்த்துக்கொள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

யாழினி ஆராய்ச்சியை விட்டுவிடப் போகிறேன் என்கிறாள். அவள் கருவி தரும் அளவு, கணக்குச் சொல்லும் அளவைவிடக் குறைவாகவே வருகிறது. கருவியைப் பிரித்துப் பார்த்தாயிற்று, வேறொருவரை விட்டும் சரிபார்த்தாயிற்று. குறைவு குறைவாகவே நிற்கிறது. பெரியவர் ஒருவர், "இதை ஓரமாக வைத்துவிட்டு, சீக்கிரம் கட்டுரை ஆகிற வேலையைப் பார்" என்றாராம். அதிலிருந்து துவண்டு கிடக்கிறாள். இந்த நேரம் பார்த்து நீ எழுதுகிறாய், "விஞ்ஞானிகளுக்கே பிரபஞ்சத்தில் பெரும்பகுதி என்னவென்று தெரியாதாம், பிறகு எதை நம்புவது?" என்று. உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ரேமண்ட் டேவிஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் ஹோம்ஸ்டேக் என்று ஒரு தங்கச் சுரங்கம். 1960களில் அதற்குள், ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில், டேவிஸ் ஒரு பெரிய தொட்டி வைத்தார். அதில் 600 டன்னுக்கு மேல் திரவம். டிரை கிளீனிங் கடையில் பயன்படுமே அதுதான், குளோரின் நிறைந்தது. சூரியனின் மையத்தில் உண்டாகும் நியூட்ரினோ என்ற நுண்துகள்கள் எதிலும் படாமல் பூமியையே துளைத்துக்கொண்டு போய்விடும். எப்போதோ ஒன்று குளோரின் அணுவில் பட்டால், அந்த அணு ஆர்கானாக மாறும். சில வாரங்களுக்கு ஒருமுறை ஹீலியத்தைச் செலுத்தி அந்த ஆர்கானை வெளியே எடுத்து எண்ண வேண்டும். 600 டன்னில் சில பத்து அணுக்கள்!

எத்தனை வர வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தவர் ஜான் பாகால் என்ற இன்னொரு விஞ்ஞானி. 1968இல் முதல் முடிவு வந்தபோது எதிர்பார்த்ததைவிட வெகு குறைவு. ஆண்டுகள் போகப்போக அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் வந்து நின்றது.

டேவிஸுக்கு எண்ணத் தெரியவில்லை என்றார்கள். அவர் தெரிந்த அளவு ஆர்கானைத் தானே தொட்டிக்குள் விட்டு, திரும்ப எடுத்துக் காட்டினார். அப்படியானால் சூரியனைப் பற்றிய பாகாலின் கணக்குதான் தப்பு என்றார்கள். மையத்தின் வெப்பம் கொஞ்சம் குறைந்தாலே அந்த நியூட்ரினோக்கள் மளமளவென்று குறைந்துவிடும், அதனால் அதுவும் நம்பும்படி இருந்தது. பாகால் திரும்பத் திரும்பக் கணக்குப் பார்த்தார். 1990களில் சூரியனின் அதிர்வுகளை வைத்து அதன் உட்பகுதியை ஆராய்ந்தபோது, அவர் கணக்கோடு ஒத்துப்போயிற்று.

என்னைப் பிடித்து உலுக்குவது எது தெரியுமா? இவர் கொஞ்சம் ஏற்றி, அவர் கொஞ்சம் இறக்கி, நடுவில் ஓர் எண்ணோடு முடித்திருக்கலாம். செய்யவில்லை. 30 ஆண்டுகளாக, நண்பர்களாகவே இருந்துகொண்டு, பொருந்தாத இரண்டு எண்களையும் அப்படியே வைத்திருந்தார்கள். அத்தனை காலத்தில் டேவிஸ் பிடித்தது மொத்தம் சுமார் 2,000 நியூட்ரினோ.

கடைசியில் கோளாறு இரண்டு பேரிடமும் இல்லை. நியூட்ரினோவுக்கு நிறையே கிடையாது என்று எல்லாரும் நம்பி வந்தார்களே, அங்கே இருந்தது. நியூட்ரினோவில் மூன்று வகை. வழியில் ஒன்று இன்னொன்றாக மாறுகிறது. மாற வேண்டுமானால் நிறை இருந்தாக வேண்டும். டேவிஸின் தொட்டியில் ஒரு வகைதான் சிக்கும். சோவியத் நாட்டில் புரூனோ போன்டெகோர்வோ இப்படி நடக்கலாம் என்று 1960களிலேயே சொல்லியிருந்தார். கனடாவில் சட்பரி அருகே ஒரு சுரங்கத்தில் 1,000 டன் கனநீரை (கனமான ஹைட்ரஜன் உள்ள தண்ணீர்) இரவல் வாங்கி வைத்து, மூன்று வகையையும் சேர்த்து எண்ணினார்கள். 2002இல் வந்த மொத்தம், பாகால் சொன்ன மொத்தத்தோடு பொருந்தியது! அந்த ஆண்டே டேவிஸுக்கு நோபல், வாங்கும்போது வயது 88. பாகாலுக்குக் கொடுக்கவில்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

உன் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. உன் அப்பா இறங்கி வேலை பார்த்த கோலார் தங்கவயலில், 2 கிலோமீட்டருக்கும் கீழே, 1965இல் நம் டாடா ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பான், இங்கிலாந்து விஞ்ஞானிகளும் சேர்ந்து, விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதி உண்டாக்கும் நியூட்ரினோவின் தடத்தைக் கண்டார்கள். அதே சமயம் தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றிலும் கண்டார்கள். இந்த ரக நியூட்ரினோவை அதற்கு முன் உலகில் யாரும் கண்டதில்லை. 1998இல் ஜப்பானின் சூப்பர் கமியோகாண்டே என்ற நிலத்தடிக் கருவி எண்ணியது இந்த ரகத்தைத்தான். தலைக்கு மேலிருந்து வருவதைவிட, பூமியைத் துளைத்துக்கொண்டு கீழிருந்து வருவது குறைவு. மறுபடி ஒரு குறைவு! நீண்ட வழியில் வகை மாறுவதற்குக் கிடைத்த முதல் உறுதியான சான்று அது.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். நிறை இருக்கிறது, எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. ஆனால் தெரியாததற்கும் வரம்பு போட்டிருக்கிறார்கள். நியூட்ரினோவின் நிறையை அளக்கும் ஜெர்மனியின் கேட்ரின் சோதனை 2025இல் சொன்ன வரம்பு 0.45 எலக்ட்ரான் வோல்ட் (நுண்துகள்களின் நிறையைச் சொல்லும் அலகு), அதற்கு மேல் போகாது. எலக்ட்ரானின் நிறை அதே அலகில் 5,11,000. ஏன் நியூட்ரினோ மட்டும் இவ்வளவு லேசு? மூன்றில் எது அதிக கனம்? இதைக் கண்டுபிடிக்க சீனாவின் ஜூனோ என்ற நிலத்தடிக் கருவி 2025 ஆகஸ்டில்தான் எண்ணத் தொடங்கியிருக்கிறது. நீ கை விரிக்கிற இடத்தில்தான் மல்லிகா இவர்கள் தொட்டி கட்டுகிறார்கள். நான் அறிவியலை நம்புவது அதற்காகத்தான்.

யாழினியின் குறைவும் இப்படி முடியும் என்று நான் சொல்லவில்லை. 2011இல் நியூட்ரினோ ஒளியை முந்துகிறது என்று இத்தாலியில் ஒரு குழு அளந்தது, கடைசியில் பார்த்தால் சரியாகப் பொருத்தாத ஒரு கேபிள். அளந்தவர்களே தேடிக் கண்டுபிடித்து வெளியில் சொன்னார்கள். அதுவும் மரியாதையான வேலைதான். இவளுடையது எதுவாக இருந்தாலும், அந்த எண்ணைத் திருத்தாமல், மறைக்காமல், காரணம் தெரியவில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு விடுவதானால் விடட்டும், நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

நான் சொன்னால் அம்மா பேச்சு என்று தள்ளிவிடுவாள். பெரியம்மா நீ சொன்னால் கேட்பாள். பொங்கலுக்கு வா. சுரங்கத்துக்குள் உன் அப்பா பார்த்ததையெல்லாம் அவளிடம் சொல். கல்யாணப் பேச்சை மட்டும் எடுத்தாயோ, அடுத்த ரயிலில் ஏற்றிவிடுவேன். எந்த வண்டி என்று முன்னாடியே எழுது, ஸ்டேஷனுக்கு அவளையே அனுப்புகிறேன்.

அன்புடன்,
வசந்தா